விட்டுவைத்த மீன்

(திருநாவலூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடல்வாழ் உயிர்களைப் பற்றியும், அளவுக்கு மீறி மீன் பிடிப்பதால் கடலுக்கு நேர்வதைப் பற்றியும் பேச அழைத்திருக்கிறீர்கள். நெல்லும் கரும்பும் மக்காச்சோளமும் விளைகிற ஊர் இது. கடற்கரை இங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளி, கடலூரில் இருக்கிறது. கடலோர ஊர்களில் பேச வேண்டியதை இங்கே ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். இங்கேதான் அவசியம் பேச வேண்டும் என்று நான் நம்புகிறேன். நம் ஊர்த் தண்ணீர் கடலுக்குப் போகிறது. கடல் மீன் நம் ஊர்ச் சந்தைக்கு வருகிறது. இந்த இரண்டு வழியிலும் நாம் கடலோடு கட்டுண்டிருக்கிறோம். ஆனால் கடலின் நன்மை தீமையில் நமக்கும் பங்குண்டு என்ற எண்ணம் உள்நாட்டு ஊர்களில் இன்னும் வேரூன்றவில்லை.

தண்ணீர் போகும் வழி

கெடிலம் ஆறு நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே தோன்றி, இந்த வட்டாரத்தைக் கடந்து, திருவதிகை வழியாகக் கடலூரை அடைந்து கடலில் கலக்கிறது. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் கடைசியில் வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகின்றன. அந்த முகத்துவாரத்தின் தெற்கே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. 2022-ல் பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம். கல்வராயன் மலையில் பெய்த மழை, வண்டலையும் சத்தையும் சுமந்துகொண்டு போய்ச் சேர்கிற கடைசி இடம் அதுதான்.

அங்கே என்ன நடக்கிறது என்பதற்கு இறால் ஒன்றே போதிய சான்று. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு கண்ணுக்குப் புலப்படாத அளவில் நீரோட்டத்தில் மிதந்து, பல உருமாற்றங்களைக் கடந்து, சில வாரங்களில் முகத்துவாரத்துக்குள் நுழையும். உப்பும் நன்னீரும் கலந்த அந்தக் கழியில், சுரபுன்னை வேர்களுக்கு நடுவே, பெரிய மீன்களின் வாய்க்குத் தப்பி, மட்கிய இலையைத் தின்று சில மாதம் வளரும். வளர்ந்ததும் மீண்டும் கடலுக்குத் திரும்பும். மடவையும் கொடுவாவும் இதே போலக் கழியை நம்பி வாழும் மீன்கள்தாம். ஆற்றில் நன்னீர் வராவிட்டால் கழியில் உப்பு ஏறும். மணலை அள்ளிவிட்டால் முகத்துவாரத்துக்குப் போக வேண்டிய மணல் போகாது. ஆகவே கடலின் நாற்றங்காலுக்கு நீர் பாய்ச்சுகிறவர்களில் நாமும் உண்டு.

சுந்தரர் போற்றிய மீனவர்

இந்த மண்ணில் பிறந்த சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையில் அடியார்களை வரிசைப்படுத்தி வணங்கியபோது நாகப்பட்டினத்து மீனவர் ஒருவரையும் அந்த வரிசையில் வைத்தார். அவர் அதிபத்த நாயனார். பிற்காலத்தில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அவர் வரலாற்றை விரித்துச் சொன்னார். நுளைப்பாடியில் பரதவர் தலைவராக வாழ்ந்த அதிபத்தர், வலையில் விழும் மீன்களில் ஒன்றை இறைவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். ஒரு காலம் வந்தது. நாளுக்கு ஒரே ஒரு மீன்தான் கிடைத்தது. அந்த ஒன்றையும் விட்டார். வீட்டில் வறுமை சூழ்ந்தது, நியமம் தவறவில்லை. கடைசியில் பொன்மயமான மீன் ஒன்று வலையில் வந்தது. அதையும் விட்டார். நாகப்பட்டினத்தில் இன்றும் ஆவணி மாதத்தில் தங்க மீனைக் கடலில் விடும் விழா நடக்கிறது.

இதைப் பக்தியின் எல்லை என்றுதான் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அது சரியே. நான் இன்று அந்த வரலாற்றை இங்கே நினைவூட்டுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. வலையில் விழுந்ததெல்லாம் தனக்கே என்று கொள்ளாமல், ஒரு பகுதியைக் கடலில் விட்டுவைப்பதை நாள்தோறும் காக்க வேண்டிய ஒழுக்கமாக ஒரு மீனவர் கொண்டிருந்தார். மீன்வள அறிவியல் இன்று எத்தனையோ கணக்குகள் போட்டு வந்து சேரும் முடிவும் அதுவே. எவ்வளவு பிடித்தோம் என்பதைப் பொறுத்து இந்த ஆண்டு வருமானம் அமையும். எவ்வளவு விட்டுவைத்தோம் என்பதைப் பொறுத்து அடுத்த ஆண்டு கடல் அமையும்.

விதைநெல் கணக்கு

விவசாயிகள் நிறைந்த அவை இது. விதைநெல்லைப் பஞ்சத்திலும் உண்ணக் கூடாது என்பது உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலிலும் முட்டையிட நிற்கும் மீன்தான் விதை. ஒவ்வோர் இனத்துக்கும் அந்த விதையின் கணக்கு வேறுபடும்.

மத்தி ஓராண்டுக்குள் பருவமடைந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மிதவை உயிர்களைத் தின்று வாழும் அது, சூரைக்கும் வஞ்சிரத்துக்கும் கடற்பறவைகளுக்கும் இரையாகிறது. மத்தியும் நெத்திலியும் குறைந்தால் மேலே உள்ள அத்தனை வாய்களுக்கும் இரை குறையும். சுறாவின் கதை நேர்மாறானது. பல சுறா இனங்கள் பருவமடையவே பல ஆண்டுகள் ஆகும். ஓர் ஈற்றுக்குச் சில குட்டிகள்தாம். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்தப் பால்சுறா சந்தையில் சிறுத்துக்கொண்டே போவதைச் சமைக்கும் கைகள் நன்றாக அறியும்.

ஆவுளியா என்று மீனவர்கள் அழைக்கும் கடற்பசு இன்னும் மெதுவானது. பதின்மூன்று, பதினான்கு மாதம் சுமந்து ஒரே ஒரு கன்று ஈனும். அடுத்த கன்றுக்குச் சில ஆண்டுகள் ஆகும். கடற்புல்தான் அதன் உணவு. கடலடியை வாரிச் செல்லும் இழுவலை அந்தப் புல்வெளியைக் கிழித்தால் மேய்ச்சல் நிலமே போய்விடும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதல் பாதுகாப்பகம் அது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. விட்டுவைப்பதற்கு ஓர் இடத்தை ஒதுக்குவதும் ஒரு வழி.

வலை பெரிதான கதை

கட்டுமரத்திலும் வள்ளத்திலும் பாய் விரித்துப் போன காலத்தில், மனித உடலின் வலுவே மீன்பிடிப்புக்கு எல்லையாக இருந்தது. 1950-களில் நார்வே நாட்டு உதவியோடு கேரளத்தில் நீண்டகரைப் பக்கம் இயந்திரப் படகுகள் வந்தன. இறாலுக்கு ஏற்றுமதிச் சந்தை திறந்தது. 1960-களுக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையிலும் விசைப்படகும் இழுவலையும் பெருகின. அரசுகள் மானியமும் கடனும் தந்து இதை ஊக்குவித்தன. அந்நியச் செலாவணி வந்தது. பலர் வாழ்வு உயர்ந்தது. அதையும் மறுக்கக் கூடாது. ஆனால் கரையோரத்தில் சிறு வலை போடுகிறவருக்கும் விசைப்படகுக்கும் அதே கடலில் மோதல் மூண்டது. அதன் விளைவாகத்தான் 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை நாட்டுப்படகுகளுக்கே என்றும், விசைப்படகு அதற்கு அப்பால் என்றும் சட்டம் பிரித்தது.

இழுவலையின் கடைசிப் பகுதியை மடி என்பார்கள். அதன் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. கண்ணி சிறுத்தால் என்ன ஆகும் என்பதை ஏதாவது ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் பார்க்கலாம். ஏலம் போகும் வஞ்சிரமும் இறாலும் கூடைகளில் தனியே இருக்கும். பக்கத்தில், விலைக்கு ஆகாத மீனென்று ஒரு குவியல். விரல் நீளக் கணவாய், நகமளவு நண்டு, கையில் ஒட்டும் காரல்பொடி, வளராத வாளை, நாக்குமீன் குஞ்சு, உடைந்த சிப்பி, சில நேரம் காய்ந்து சுருண்ட கடற்குதிரை. கடற்குதிரையையும் கடல் அட்டையையும் பிடிக்கவே கூடாது என்று 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சொல்லிவிட்டது. வலைக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை. இந்தக் குவியலைத் தென்கடலோரத்தில் சங்காயம் என்பார்கள். அது காய்ந்து, தூளாகி, கோழித் தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் போகிறது. நீங்கள் விளைவிக்கும் மக்காச்சோளம் சேரும் அதே தீவனத்தில், நாளை பெரிதாகி முட்டையிட்டிருக்க வேண்டிய மீன்குஞ்சும் சேர்கிறது. கிலோவுக்குச் சில ரூபாய்க்குப் போகும் அந்தக் குஞ்சு வளர்ந்திருந்தால் அதே மீனவருக்கு எத்தனை மடங்கு தந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சுருக்குமடி வலை இன்னொரு சிக்கல். ஒரு மீன் கூட்டத்தையே வளைத்து, அடியை இறுக்கி, முழுவதுமாக அள்ளும் வலை அது. தமிழ்நாடு 2000-லேயே அதைத் தடை செய்தது. பின்னர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 ஜனவரியில், 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்ற கட்டுப்பாடுகளோடு நீதிமன்றம் இடைக்கால அனுமதி தந்தது. கடலூர்க் கரையில் இந்த வலையால் மீனவ ஊர்களுக்கு இடையே பகை மூண்டதை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். கடன் வாங்கி வலை வாங்கியவரும் நம்மவர்; அந்த வலையால் வெறும் படகோடு திரும்பியவரும் நம்மவர். மீன் குறையும்போது முதலில் கிழிவது உறவு.

பாக் நீரிணையிலும் இதையே பார்க்கிறோம். நம் விசைப்படகுகள் கைதாவதும், படகுகள் பறிமுதலாவதும், சில நேரம் உயிரே போவதும் நெஞ்சைப் பிளக்கும் செய்திகள். எதிர்க்கரையில் போரில் எல்லாம் இழந்து மீண்டும் கடலில் இறங்கிய யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவர்கள், தங்கள் வலைகளை இழுவலைகள் அறுத்துச் செல்வதாகப் பல ஆண்டுகளாக முறையிடுகிறார்கள். இலங்கை 2017-ல் அடிமடி இழுவலையைச் சட்டப்படி தடை செய்தது. அதே ஆண்டில் இந்திய அரசு, இழுவைப்படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. அந்த மாற்றம் வேகம் பெற வேண்டும். இரு கரையிலும் தமிழ் பேசும் இரு ஏழைச் சமூகங்களை ஒரே கடலின் வறுமை எதிரெதிரே நிறுத்தியிருக்கிறது.

மற்றவர்கள் கற்ற பாடம்

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடல், காட் மீனுக்கு ஐந்நூறு ஆண்டுகளாகப் பெயர் பெற்றது. 1960-களில் பல நாட்டு ஆலைக் கப்பல்கள் வந்து வாரின. 1968-ல் மட்டும் 8 லட்சம் டன் பிடித்தார்கள். 1977-ல் கனடா தன் 200 கடல் மைல் எல்லையை அறிவித்து வெளிநாட்டவரை வெளியேற்றியது. பிறகு தன் சொந்தக் கப்பல்களைப் பெருக்கியது. மீன் சிறுக்கிறது, குறைகிறது என்று கரையோரச் சிறு மீனவர்கள் 1980-களிலேயே சொன்னார்கள். அரசின் கணக்கு அவர்கள் சொல்லை ஏற்கவில்லை. 1992 ஜூலை 2 அன்று மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 30,000 பேர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். அந்தத் தடை நீங்க 32 ஆண்டுகள், 2024 வரை ஆயிற்று; மீன் வளம் இன்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

நமக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. கேரளத்தில் 2012-ல் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி கரை சேர்ந்தது. 2021-ல் அது 3,300 டன் அளவுக்குச் சரிந்தது. கடல் வெப்பமும் நீரோட்ட மாறுதலும் இதில் பங்கு வகித்தன. மீன் நலிந்திருந்த நேரத்திலும் குஞ்சு மீன்களை வாரியது நலிவைப் பெருக்கியது. பின்னர் மத்தி ஓரளவு மீண்டது. விரைவில் பெருகும் இனம் என்பதால் அது மீண்டது. சுறாவுக்கு அந்த வாய்ப்பு எளிதில் கிட்டாது. கேரளம் ஒரு நல்ல காரியத்தையும் செய்தது. மத்தி 10 சென்டிமீட்டருக்கும் கானாங்கெளுத்தி 14 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் பிடிக்கக் கூடாது என்று தொடங்கி, 58 இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவை விதியாக்கியது.

உலக உணவு வேளாண்மை நிறுவனம் ஆராய்ந்த மீன் வளங்களில், 1974-ல் பத்தில் ஒன்றுதான் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டது. இன்று மூன்றில் ஒன்றுக்கு மேல். நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், 2022-ல் இந்தியக் கடலில் மதிப்பிட்ட 135 மீன் வளங்களில் 91 விழுக்காடு நலமாக இருப்பதாகக் கண்டது. நம் கடல் இன்னும் சாகவில்லை. காப்பாற்றத் தக்க நேரத்தில்தான் நாம் இருக்கிறோம். அதனால்தான் இன்று இதைப் பேசுவதற்குப் பொருள் உண்டு.

கரையில் இருக்கும் 61 நாள்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பல மீன்கள் முட்டையிடும் பருவம் அது. 2001-ல் 45 நாளாகத் தொடங்கிய இந்தத் தடைக்காலம் பின்னர் 61 நாளாயிற்று. அந்தக் காலத்துக்கு அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்து 8,000 ரூபாயாக உயர்ந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய். மீன் விலை ஏறிவிட்டது என்று நாம் அங்கலாய்க்கும் அதே நாள்களில், அந்தக் குடும்பம் வட்டிக்கு வாங்கி அரிசி வாங்குகிறது. கடலைக் காக்கும் செலவைக் குறைந்த வருமானம் உள்ளவர்கள் மேல் ஏற்றியிருக்கிறோம். இதை நான் மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறேன்.

மீனவர்களைக் கடலின் பகைவர்களாகப் பேசுவது பெரும் அநீதி. சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகள் மற்றவர் பிழைப்பைக் கெடுக்கும் வலைகளைத் தாமாகவே தடை செய்து, மீறியவருக்கு அபராதம் விதித்து வந்ததை நெதர்லாந்து ஆய்வாளர் மார்ட்டன் பாவிங்க் விரிவாக எழுதியிருக்கிறார். சட்டம் வருவதற்கு முன்பே ஒழுங்கு இருந்தது. அந்த ஊர்ப் பஞ்சாயத்துகளை மதித்து, விதிகள் வகுக்கும் இடத்தில் அவர்களையும் உட்கார வைத்தால் சட்டம் கடலில் நடக்கும். இல்லாவிட்டால் அரசிதழிலேயே தங்கிவிடும். அதற்கு ஒரு சான்று, 2025 தொடக்கத்தில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைகள் முட்டையிட வரும் காலத்தில் இழுவைப்படகுகள் கரையோரம் வரக் கூடாது என்ற விதி அப்போதும் இருந்தது.

நம் ஊரில் செய்யத்தக்கவை

காலையில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு இருசக்கர வண்டியில் மீன்காரர் உங்கள் தெருவுக்கு வருகிறார். கானாங்கெளுத்தியைக் கையில் எடுத்துப் பாருங்கள். உங்கள் சாணில் முக்கால் அளவுகூட இல்லையென்றால் அது இன்னும் வளராத மீன். வேண்டாம் என்று சொல்லுங்கள்; அவரிடம் கோபிக்க வேண்டாம், அவர் ஏலத்தில் கிடைத்ததைத்தான் கொண்டுவருகிறார். வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கினால் அவர் ஏலத்தில் கேட்பார். அந்தக் கேள்வி படகு வரை போகும். வஞ்சிரம் ஒன்றையே தேடாமல், பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் வளர்ந்த மத்தியையும் நெத்திலியையும் வாங்குங்கள். சத்தில் அவை எதற்கும் குறைந்தவை இல்லை. தடைக்காலத்தில் ஏரி மீனும் குளத்து மீனும் வாங்குங்கள். அது நம் ஊர் மீன் வளர்ப்பவருக்கும் துணை.

ஊராட்சிக்கு ஒரு வேண்டுகோள். கெடிலத்தில் குப்பை கொட்டுவதை நிறுத்துங்கள். ஆற்றில் போட்ட ஞெகிழிப் பை அடுத்த வெள்ளத்தில் முகத்துவாரத்தில்தான் போய் நிற்கும். மணல் அள்ளுவதை எதிர்த்துக் குரல் கொடுக்கும்போது, நிலத்தடி நீரோடு கடல் மீனையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும்போது ஒரு முறை பரங்கிப்பேட்டைக்கும் பிச்சாவரத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. கல்வராயன் மலையில் பெய்த மழை எங்கே போகிறது என்பதை அவர்கள் கண்ணால் காணட்டும். அவர்களில் ஒருவர் நாளை மீன்வளத் துறையில் அலுவலராக அமரலாம். ஒருவர் சட்டமன்றத்தில் பேசலாம். மற்றவர்கள் எல்லாரும் மீன் வாங்குவார்கள்.

தடைக்கால நிவாரணம் ஒரு குடும்பம் இரண்டு மாதம் மானத்தோடு வாழும் அளவுக்கு உயர வேண்டும் என்று கேட்கும் முதல் உள்நாட்டு ஊர் திருநாவலூராக இருக்கட்டும். மீனவர்கள் தங்களுக்காகக் கேட்கும்போது அது ஒரு தொழிலின் கோரிக்கை. உழவர்கள் அவர்களுக்காகக் கேட்டால் அது ஊர் முழுவதின் நீதி. அந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதி இந்த அவையே நிறைவேற்றி அரசுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.